நூறு வெள்ளைச் சில்லுகள்

கல்யாணமாகி நாற்பத்தோராவது நாள் என் கணவர் கப்பலுக்குத் திரும்பினார். ஆனையூரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மாடி வீட்டில் அவர் விட்டுப்போனவை இவை: ஒரு ஜோடி தோல் செருப்பு, பாதி தீர்ந்த ஷேவிங் க்ரீம், கட்டிலின் வலது பக்கம், ஒரு தகரப் பெட்டியில் நானூறு களிமண் சில்லுகள். முதல் மூன்றையும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நான்காவதில் எனக்கு வேலை இருந்தது.

பயணிகள் கப்பல் ஒன்றின் சூதாட்டக் கூடத்தில் சீட்டுப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்த அன்று "மாப்ள கப்பல்ல ஓட்டல் செக்‌ஷன்ல இருக்காரு" என்றார்கள். அவர் கேட்டரிங் படித்தவர், அதனால் அது முழுப் பொய்யும் இல்லை. எனக்கு மட்டும் மூன்றாம் நாள் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டிச் சொன்னார்.

போக்கர் என்கிற சீட்டாட்டத்தில் மேசைமேல் காசு வைப்பதில்லை. காசுக்குப் பதில் இந்தச் சில்லுகள்தான் கை மாறும். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம், பிஸ்கட்டை விடக் கொஞ்சம் சிறியது. வெள்ளை, சிவப்பு, பச்சை, கருப்பு, நிறத்துக்கு நூறு. ஏதோ ஒரு துறைமுக ஊரில் சீட்டுப் பயிற்சிப் பள்ளி ஒன்றை மூடியபோது அங்கே கழித்ததை வாங்கி வந்திருந்தார். கழித்தது என்று பார்த்தாலே தெரிந்தது. விளிம்பெல்லாம் பல ஊர்க் கைகளின் அழுக்கு. நிறம் வெளிறிப்போய், தொட்டால் சாக்பீஸ் மாதிரி விரலில் ஒட்டியது. சில கோணியிருந்தன.

"இத எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"கோவாவுல என்கூட வேலை பார்த்த ஒருத்தன் ஸ்கூல் ஆரம்பிக்கப் போறான். சீட்டுப் போடப் பழக்குற ஸ்கூல். அவங்கிட்ட இடம் இருக்கு, மேசை இருக்கு. நல்ல களிமண் செட்டு இல்ல. பிளாஸ்டிக்ல பழகுனா பயலுகளுக்குக் கை வராது. இந்தச் செட்டச் சரிபண்ணிக் கொண்டுபோனா அது நம்ம பங்கு. நான் வாத்தியாரு. கப்பலுக்கு ஒரு கும்பிடு."

"நான்?"

"நீயும் அங்கதான். பெறகு எங்க?"

"கோவாவுல ரப்பர் கம்பெனி இருக்குமா?"

"ரப்பர் இல்லாத ஊரு எங்கம்மா இருக்கு?"

நான் ரப்பர் டெக்னாலஜி டிப்ளமோ படித்தவள். கப்பலூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ரப்பர் வாஷரும் புஷ்ஷும் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. சரியில்லாததைத் தள்ளுவதும், சரியாக்க முடியுமா என்று பார்ப்பதும்தான் எனக்குத் தெரிந்த தொழில். அவர் ஒன்பது மாதத்தில் வருவதாகச் சொன்னார். ஒன்பது மாதத்தில் நானூறு சில்லுகள் சரியாகிவிட்டால், பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில். அந்தக் கணக்கில் எனக்குப் பிழை எதுவும் தெரியவில்லை.

அவர் போன இரண்டாவது வாரம் பிரவுசிங் சென்டரில் அவருடைய மெயிலை அச்சடித்து வாங்கினேன். ஆறு வரி. மற்ற பெண்களுக்குக் கணவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது இது: ஊறப்போடாதே. வெந்நீர் கூடாது, வெதுவெதுப்புப் போதும். மிருதுவான பிரஷ். வெயிலில் வைக்காதே. காய்ந்தபின் மினரல் ஆயில் லேசாக. கடைசி வரி, தினமும் கையில் புழங்கணும்.

சமையல் எண்ணெய் ஏன் கூடாது என்று அவர் எழுதவில்லை. எழுதாததைச் சோதித்துப் பார்ப்பது என் பழக்கம். ஓரம் உடைந்த சில்லுகள் ஆறு தனியாகக் கிடந்தன, நானூறில் சேராதவை. நான்கை எடுத்து நோட்டில் வரிசை போட்டேன். ஒன்றுக்குத் தேங்காயெண்ணெய், ஒன்றுக்கு நல்லெண்ணெய், ஒன்றுக்கு விளக்கெண்ணெய், ஒன்றுக்கு எதுவுமில்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது தேங்காயெண்ணெய்ச் சில்லு பழைய முறுக்கு டப்பா மாதிரி சிக்கடித்தது. விளக்கெண்ணெய் தடவியதில் தூசி படிந்து பிசுபிசுத்தது. நல்லெண்ணெய் பார்வைக்கு அழகாக இருந்தது, ஆனால் எறும்பு வந்தது. எதுவுமில்லாதது அப்படியே வெளிறிக் கிடந்தது. ஆக, மினரல் ஆயில். மருந்துக் கடையில் அதற்குப் பெயர் லிக்விட் பாரஃபின். மலச்சிக்கலுக்குக் கொடுப்பது.

தெருமுனை மெடிக்கல்காரர் முதல் பாட்டிலை ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். இரண்டாவது பாட்டிலுக்கு டாக்டர் சீட்டு கேட்டார். மூன்றாவதுக்கு அவரால் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. இம்புட்டுக் குடிக்கக் கூடாது. கொய்யாப்பழம் சாப்புடு. ராத்திரிக்கு ரெண்டு வாழப்பழம்."

"குடிக்கிறதுக்கு இல்லண்ணே. ஒரு பொருளுக்குத் தடவ."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக," என்று அவர் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றினார். பக்கத்தில் நின்றவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பிரஷ்ஷுக்குச் சிம்மக்கல் போனேன். குழந்தைகளுக்கான மிருதுவான பல் பிரஷ் மொத்தக் கடையில் டஜனாகத்தான் கிடைத்தது. "டஜன் பிரஷ்ஷா? வீட்ல எத்தன புள்ளைகக்கா?" என்றார் கடைக்காரர். "நானூறு," என்றேன். கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன், அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வர ஆறரை ஆகும். குளித்து, காலையில் வைத்த சோற்றைச் சாப்பிட்டு, ஏழு மணிக்குத் தரையில் உட்காருவேன். வலது பக்கம் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவுகிற சோப்பு. இடது பக்கம் வெறும் தண்ணீர். முன்னால் கிழித்த பழைய வேட்டி. ஒரு சில்லை நனைத்து, முகம் இரண்டையும் வட்டமாகத் தேய்த்து, விளிம்பை பிரஷ்ஷின் ஓரத்தால் தட்டித் தட்டி அழுக்கெடுத்து, அலசி, உடனே துடைத்து, வேட்டியில் படுக்கப் போடவேண்டும். ஒரு நாளைக்குப் பத்து. வேகமாகச் செய்தால் இருபதும் முடியும். ஆனால் இருபது செய்தால் இருபது நாளில் முடிந்துபோகும், அப்புறம் ஏழு மணிக்கு என்ன செய்வது?

கழுவிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும். வெள்ளைச் சில்லுகளில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பழுப்பிலிருந்து மோர் நிறத்துக்கு வந்து, எண்ணெய் தொட்டதும் தந்தம் மாதிரி ஆழமாகும். எண்ணெய் அதிகம் வேண்டாம். துணியில் ஒரு துளி, சில்லில் ஒரு சுற்று, பிறகு இரண்டு நாள் திறந்தே வைத்து, உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். களிமண் அதைக் குடித்துக்கொள்ளும். குடித்து முடிப்பதற்குள் வேறெதையும் படவிடக்கூடாது, அதையும் சேர்த்துக் குடித்துவிடும். இதை நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அடிக்கோடும் போட்டு.

கோணியவற்றைக் கண்டுபிடிக்கக் கண்ணாடித் தட்டில் வைத்துச் சுண்டினால் போதும். நல்ல சில்லு நின்றுவிடும், கோணியது பம்பரமாகச் சுற்றும். முப்பத்திரண்டு சுற்றின. கம்பெனியில் கழிவாகக் கிடந்த மட்டமான இரும்புத் தகடு இரண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். வெந்நீர் கூடாது என்றாலும் கோணியதை மட்டும் சூடான தண்ணீரில் ஒரு நொடி காட்டி இளக்கி, தகடுகளுக்கு நடுவே வைத்து, மேலே கிரைண்டர் குழவியை ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டால் அனேகமாக நிமிர்ந்துவிடும். இரண்டு மட்டும் எத்தனை முறை அழுத்தினாலும் மறுநாள் பழையபடி கோணின. அவற்றை நான் தள்ளவில்லை. கம்பெனியில் தள்ளியிருப்பேன்.

அவர் பேசுவது ஞாயிற்றுக்கிழமை, கப்பல் துறைமுகத்தில் நின்றால். செல்ஃபோன் எல்லார் கையிலும் வராத வருடங்கள் அவை. அழைப்பு கீழ் வீட்டுக்கு வரும். ஹவுஸ் ஓனர் அக்கா மாடிப்படியில் நின்று, "கப்பல்லருந்து ஃபோனு! ஓடியா, காசு ஓடுது அவருக்கு!" என்று கத்துவார். நான் ஓடுவேன். ஃபோன் அவர்கள் கூடத்தில், டீவிக்குப் பக்கத்தில். அக்கா டீவி சத்தத்தைக் குறைப்பார், எனக்கு உதவியாக. குறைத்ததும் கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் நான் பேசுவது மட்டும்தான் கேட்கும்.

"நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன். நீங்க?"

"நல்லாருக்கேன். சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

பிறகு கொஞ்ச நேரம் கடல் தாண்டி வரும் இரைச்சல். பிறகு அவர் கேட்பார், "சிப்ஸ் எப்படி இருக்கு?"

அங்கிருந்து எனக்குப் பேச்சு வரும். பச்சை முடிந்துவிட்டது, கருப்பில் எட்டு பாக்கி, கோணியது இன்னும் மூன்று நிமிர்ந்தது. சொல்லவேண்டியதை முன்கூட்டியே துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் வைத்திருப்பேன். அவர் "ம், ம்" என்பார். அவருடைய ஃபோன் கார்டில் காசு முடிகிற சத்தம் கேட்கும். நான் ஃபோனை வைத்ததும் பத்தாவது படிக்கிற அக்கா மகள் கேட்பாள், "எந்த சிப்ஸ்க்கா? நேந்திரமா, உருளையா?" அவளுக்கு நான் ஏதோ சிப்ஸ் கம்பெனி தொடங்கப் போகிறேன் என்று கடைசிவரை எண்ணம்.

கழுவி முடித்து, எண்ணெயும் ஒரு சுற்று முடிந்த பிறகு ஆறாவது வரி மட்டும் பாக்கி: கையில் புழங்கணும். அதற்கு அவர் முன்பு செய்து காட்டியதை நினைவில் வைத்திருந்தேன். ஐந்தும் ஐந்துமாக இரண்டு அடுக்கு வைத்து, ஒரே கையால் இரண்டையும் சேர்த்து நெரித்து, ஒன்று மாற்றி ஒன்றாக ஒரே அடுக்காக்கவேண்டும். முதல் வாரம் சில்லுகள் கட்டிலுக்கு அடியில் ஓடின. இரண்டாவது மாதம் பார்க்காமலே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், மொட்டை வெயிலில் தெருவே அடங்கிக் கிடக்கும்போது, உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருப்பேன். களிமண் சத்தம் பிளாஸ்டிக் மாதிரி கிளிக்கென்று இருக்காது. யாரோ அடுத்த அறையில் பாத்திரத்தை அடுக்குகிற மாதிரி, மெத்தென்று. வீட்டில் இன்னொருவர் இருக்கிற சத்தம். சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாட்ச்மேனிடம் "வாரேண்ணே" என்று சொன்னால், ஃபோன் வராத வாரங்களில், திங்கட்கிழமை காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்வரை நான் வாய் திறக்கவேண்டிய அவசியம் இருந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. கடைசிச் சுற்று எண்ணெயை முந்தைய நாள்தான் போட்டிருந்தேன். நானூறும் நடு அறையில் பாயின்மேல் விரித்த வேட்டியில் வரிசையாகப் படுத்திருந்தன. இன்னும் ஒரு நாள் விட்டுத் துடைத்தால் வேலை முழுவதும் முடிந்தது. தனியாக இருக்கிற வீடுதானே என்று மூடி வைக்காமல் கம்பெனிக்குப் போனேன்.

அன்று கம்பெனியில் வேலை கிடையாது, பூஜைதான். மெஷின்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். என் அளவைக் கருவிகளுக்கு நான்தான் வைத்தேன், வேறு யாரையும் விடவில்லை. "அளக்குற முகத்துல வைக்காதீங்கண்ணே, கைப்பிடியில வைங்க, பெட்டி மேல வைங்க," என்று மற்ற கருவிகளுக்கு வைத்தவர்களிடம் வருடா வருடம் சொல்கிறதை அன்றும் சொன்னேன். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கதவு திறந்திருந்தது. மாமியார் வந்திருந்தார். மேற்கே ஒரு மணி நேர பஸ் தூரத்தில் அவர்கள் ஊர். கிணறும் கொஞ்சம் நிலமும் உண்டு. ஒரு சாவி அவரிடம் இருந்தது. வந்தால் கத்திரிக்காயோ முருங்கைக்காயோ ஒரு பை நிறைய வரும். அன்று அந்தப் பை வாசலிலேயே கிடந்தது. அவர் பாய்க்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முதுகைப் பின்னால் வளைத்துச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தேன் முடிச்சேந்தா. இடுப்பு விட்டுப்போச்சு. ரெண்டு மணி நேரம்!"

நானூறு சில்லுகளிலும், ஒவ்வொன்றின் நடுவிலும், ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

நான் நின்றேன். கையில் பொரிப் பொட்டலம். என்ன கேட்டேன் என்று நினைவிருக்கிறது, "இது என்னன்னு தெரியுமா அத்த?"

"ஏன் தெரியாது? சூதாட்டச் சில்லு."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"என்னத்தச் சொல்லணும்? ஓட்டல்ல வேலைன்னு சொல்றவென் ஒரு நா சோத்தப் பத்திப் பேசியிருக்கானா? சீட்டக் கையில எடுத்தா மட்டும் விரலு தனியா ஓடுது. பெத்தவளுக்குத் தெரியாதாக்கும்." பிறகு குரலை இறக்கினார். "நல்ல தொழிலோ கெட்ட தொழிலோ, அவென் சோறு அதுல வருது. மோட்டாருக்கு வச்சேன், மம்பட்டிக்கு வச்சேன், மாட்டுக்கு வச்சேன். எம்மகன் தொழில் சாமானுக்கு மட்டும் வைக்காம விட்டா எப்படி? ஒண்ணு விடாம அம்புட்டுக்கும் வச்சிட்டேன்."

அவர் முகத்தில் வேலையை ஒழுங்காக முடித்த ஒருவரின் நிறைவு இருந்தது. கம்பெனியில் காலையில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். "நல்லது அத்த," என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். சாயங்கால பஸ்ஸுக்கு அவரை ஏற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தேன்.

சிவப்பில் பொட்டு தெரியவில்லை. கருப்பில் துடைத்ததும் போய்விட்டது. பச்சையில் மங்கலாக ஒரு பழுப்பு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளை நூறும் பாழாகிவிட்டன. எண்ணெய் ஈரம் சாயத்தை இழுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. பொட்டு வைத்த இடத்தில் நகம் அளவுக்கு இளஞ்சிவப்பு, ஓரம் கரைந்து, மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

அடுத்த மூன்று வாரம் நோட்டில் இப்படி இருக்கிறது. சோப்புத் தண்ணீர், பலனில்லை. எண்ணெயாலேயே எடுக்கப் பார்த்தது, இன்னும் பரவியது. முகப் பவுடரைக் குழைத்துப் பற்றுப் போட்டு உறிஞ்சவிட்டது, கால்வாசி குறைந்தது, அதற்கு மேல் இல்லை. ப்ளீச்சிங் பவுடர், உடைந்த சில்லில் மட்டும், மேற்பரப்பு மாவாக உதிர்ந்தது. நீரில் நனைத்த உப்புத்தாள், கறை போனது, அதோடு சில்லின் மேல் இருந்த சொரசொரப்பும் போய் வழுக்கியது. வழுக்குகிற சில்லை அடுக்க முடியாது. நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை "சிப்ஸ் எப்படி இருக்கு?" என்றார்.

"முடிஞ்சிருச்சு," என்றேன்.

அது பொய்யில்லை. ஆனாலும் கீழ் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, டீவிக்கு முன்னால் ஐந்து பேர் கேட்க, உங்கள் அம்மா குங்குமம் வைத்துவிட்டார், கோவாவுக்குக் கொண்டுபோக வெள்ளை இல்லை என்று எப்படிச் சொல்வது? வந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவர் வரும்வரை எனக்கு ஒரே பயம்தான். நூறு வெள்ளை இல்லாமல் செட்டு குறைச்செட்டு. குறைச்செட்டை அந்த நண்பர் பங்காக எடுத்துக்கொள்வாரா? இல்லையென்றால் கோவா இல்லை. கோவா இல்லையென்றால் வலது பக்கம் காலியான கட்டில். என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று எழுதி எழுதிப் பார்த்தேன். அவர் கோபப்பட்டால் சொல்வதற்கு ஒன்று, பேசாமல் இருந்தால் சொல்வதற்கு ஒன்று. நூறு வெள்ளை தனியாக எங்காவது கிடைக்குமா என்று மெயில் அனுப்பி விசாரிக்க நான்கு முகவரிகூடத் தேடி வைத்திருந்தேன்.

மார்கழியில் வந்தார். கறுத்து, கொஞ்சம் இளைத்து, வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி செருப்பை ஓரமாக விட்டு. சாப்பிட்டு முடித்ததும் நானே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். கருப்பு, பச்சை, சிவப்பு எல்லாம் எடுத்துப் பார்த்தார். ஒரு அடுக்கைக் கையில் எடுத்து நெரித்தார். "அடேயப்பா, புதுசுகூட இப்படி இருக்காது," என்றார். பிறகு வெள்ளையை எடுத்தார். திருப்பினார். இன்னொன்று. இன்னொன்று.

"என்ன இது?"

"ஆயுத பூஜை. அத்த வச்சாங்க. நூறுலயும்."

அவர் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்கம்மாவா! நூறுலயுமா! கப்பல்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்." ஒரு சில்லை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் சிரித்தார். "பொட்டு வச்ச போக்கர் சில்லு ஒலகத்துலயே நம்ம வீட்லதான் இருக்கும்."

நான் கோபத்துக்குப் பதில் வைத்திருந்தேன். மௌனத்துக்கும் வைத்திருந்தேன். சிரிப்பு என் பட்டியலில் இல்லை. அந்தச் சில்லுகளைக் கொண்டுபோய்ப் பிழைக்கப் போகிறவர் அப்படிச் சிரிக்க மாட்டார். அவர் சிரித்து முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"கோவா இல்லையா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. சில்லை அடுக்கில் திரும்ப வைத்து, விளிம்பை விரலால் நேராக்கினார்.

"அவன் ஆகஸ்ட்லயே கைவிட்டுட்டான். லைசென்ஸ் கிடைக்கல. நான் இன்னும் ரெண்டு காண்ட்ராக்ட் கையெழுத்துப் போட்டுட்டேன். நேர்ல சொல்லிக்கலாம்னு..."

"ஆகஸ்ட்ல தெரியும்."

"தெரியும்."

"அப்ப எதுக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சிப்ஸ் எப்படி இருக்குன்னு கேட்டீங்க?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏமாற்ற நினைத்தவருடைய முகம் இல்லை அது. யோசித்து, உண்மையைத்தான் சொன்னார்.

"வேற என்ன கேக்குறது? அதக் கேட்டாதான நீ பேசுற."

நான் எழுந்து தட்டுகளைக் கழுவப் போனேன். அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சீட்டில் எழுதிக்கொண்டு போனது சில்லுகளைப் பற்றி மட்டும்தான். அந்தச் சீட்டுகளில் ஒன்றில்கூட, வீடு எப்படி இருக்கிறது, நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதியதில்லை. நாற்பத்தொரு நாளில் நாங்கள் ஒருவரையொருவர் அவ்வளவுதான் தெரிந்துவைத்திருந்தோம்.

மறுநாள் சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருந்தபோது நான் பத்துச் சில்லை ஒரு கையால் நெரித்து ஒன்றாக்கினேன். பழக்கத்தில் செய்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப கத்துக்கிட்ட?" என்றார். "நீங்க எழுதியிருந்தீங்களே," என்றேன். "இவ்வளவு யாரும் செய்யமாட்டாங்க," என்றார். அவர் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாக வருத்தம் வந்தது. அதற்கு நான் ஆறுதல் சொல்லவில்லை.

ஆறு வாரம் இருந்துவிட்டுப் போனார். அந்த ஆறு வாரமும் நாங்கள் சண்டை போடவில்லை. விமான நிலையத்துக்குப் போகும்போது பெட்டியைப் பார்த்து, "இத வேணா யாருக்காவது குடுத்துரேன், இடத்த அடைக்குது," என்றார். நான் சரி என்றேன். கொடுக்கவில்லை. பரணில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தபோது "நல்லாருக்கியா, சாப்ட்டியா" முடிந்ததும் இரண்டு பக்கமும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றோம். கார்டு சீக்கிரம் தீரவில்லை.

மெடிக்கல்காரர் ஒரு நாள் கடைக்குள்ளிருந்தே கூப்பிட்டார். "என்ன தங்கச்சி, இப்பல்லாம் அந்த பாட்டில் வாங்க வர்றதே இல்ல. சரியாப்போச்சா?"

"சரியாப்போச்சுண்ணே."

"நான்தான் சொன்னேன்ல, கொய்யாப்பழம்," என்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மாமியார் முந்தைய நாளே வந்துவிட்டார். நான் கம்பெனி பூஜையை முடித்துவிட்டு வந்தபோது எனக்காகக் காத்திருந்தார். தட்டில் சந்தனம் குழைத்து, குங்குமம் கொட்டி, எதையும் தொடாமல் வைத்திருந்தார். தையல் மெஷினுக்கு வைத்தோம், கேஸ் அடுப்புக்கு வைத்தோம், என் புத்தகங்களுக்கு வைத்தோம். பிறகு நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன்.

"அதுக்கு வேணாந்தா," என்றார் மாமியார் அவசரமாக. "போன தடவ கறையாப் போச்சாம்ல. அவென் சொன்னான். எனக்கு அன்னைக்கே மனசு கேக்கல. நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"பரவால்ல அத்த."

"அவனுக்கு ஆகாமப் போயிருமேத்தா."

"அவருக்கு வேணாமாம் அத்த."

மாமியார் என்னைப் பார்த்தார். "பெறகு இது யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் சந்தனத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் வெள்ளை நூறை மட்டும் எடுத்து வேட்டியில் பரப்பினேன். எண்ணெய் பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. இனி வைத்தால் அவ்வளவு இறங்காது, துடைத்தால் வரும், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஓரத்தில் வைக்கவில்லை. பழைய கறையின் நடுவிலேயே மோதிர விரலால் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். மாமியாரும் மறுபக்கத்திலிருந்து தொடங்கினார். இரண்டு வரிசை முடித்ததும் அவர் ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடியும் வைக்கணுமாத்தா?"

"வேணாம் அத்த," என்றேன். "ஒரு பக்கம் போதும்."